அம்மைக் காலமும் பிள்ளைகளின் எலும்பும்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் குழந்தைகளின் எலும்பைத் தாக்கிய தொற்றுகளில் பருவத்தை ஒட்டியே வந்து, பருவத்தை ஒட்டியே தணிந்தது பெரியம்மை. உயிரைப் பறிக்கும், கண்ணைக் குருடாக்கும், முகத்தில் தழும்பை விட்டுப்போகும் நோய் என்றுதான் பெரியம்மை நினைவில் நிற்கிறது. அது வளரும் பிள்ளையின் எலும்புக்குள்ளும் இறங்கும் என்பது மருத்துவர்களுக்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை. முத்து காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பிள்ளை பிழைத்துவிட்டது என்று வீடு மூச்சு விடும் நேரத்தில் முழங்கை வீங்கும். பெரும்பாலும் ஒரு கை மட்டும் வீங்காது, இரண்டும் சேர்ந்தே வீங்கும். முத்து போட்ட முதல் வாரத்திலிருந்து நான்காம் வாரத்துக்குள் இது நடக்கும். பெரியம்மை கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இப்படி எலும்பு பாதிக்கப்பட்டதாக மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன.

இந்த வீக்கத்தில் மற்ற எலும்புத் தொற்றுகளில் இருப்பதுபோல் சீழ் இருப்பது அரிது. அம்மைக் கிருமியே இரத்தத்தின் வழியாக எலும்பின் வளரும் முனைக்குப் போய், அங்குள்ள திசுக்களை அழிக்கிறது. சில வாரங்களில் வலி தானாகவே குறையும். பிள்ளை மறுபடி விளையாடப் போகும். தீங்கு வெளியே தெரிய ஆண்டுகள் ஆகும். வளர்ச்சித் தட்டு சிதைந்த இடத்தில் எலும்பு நீளாது. முன்கை குட்டையாக நிற்கும். முழங்கை ஒன்று இறுகி மடங்காமல் போகும், அல்லது மூட்டே தளர்ந்து எந்தப் பக்கமும் திரும்பும். மணிக்கட்டு, கணுக்கால், விரல் எலும்புகளிலும் இதே கதிதான். 1893-இல் பிராகா நகர நோய்க்கூற்றியலர் ஹான்ஸ் கியாரி, அம்மையால் இறந்தவர்களின் எலும்பு மச்சையை ஆராய்ந்து இந்த மாற்றங்களை விவரித்து அதற்கு ஒரு பெயரும் வைத்தார். எக்ஸ்ரே பரவலான பிறகு படம் தெளிவானது. 1958-இல் நைஜீரியாவின் இபாதானில் பணியாற்றிய காக்ஷாட், மெக்ரிகர் என்ற இரு மருத்துவர்கள், குழந்தைப் பருவத்தில் அம்மை கண்டவர்களின் எக்ஸ்ரே படங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். பல பேருடைய கை ஏன் அப்படி ஆயிற்று என்று அதுவரை எவரும் கேட்டிருக்கவில்லை. தமிழகத்திலும் அநேகமாக அப்படித்தான். கிராம முன்சீப்பின் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் அம்மையில் இறந்த பிள்ளைக்கு ஒரு வரி உண்டு. பிழைத்து முழங்கை முடங்கிய பிள்ளைக்கு அதில் இடமில்லை.

பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் ஆகிய வட்டங்கள் ஆங்கிலேயர் காலத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதி. பெரம்பலூர் 1995 நவம்பரில் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் திரும்ப இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மீண்டும் பிரிந்தது. தெற்கே கொள்ளிடக் கரையில் திருமானூர், திருமழபாடிப் பக்கம் மட்டுமே ஆற்றுப் பாசனம். மற்றபடி கரிசலும் செம்மண்ணும் சுண்ணாம்புப் பாறையும் கலந்த மானாவாரி நிலம். பருத்தி, சோளம், கம்பு, வரகு, நிலக்கடலை, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி. ஆண்டு மழை சராசரியாக 850 முதல் 950 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து கொட்டிவிடும். தைக்குப் பிறகு வானம் வறண்டுவிடும். மாசி, பங்குனியில் ஏரி அடியோடு வற்றும். சித்திரை, வைகாசியில் கத்திரி வெயில்.

அம்மையின் ஆண்டும் இந்த மழைக்கணக்கை ஒட்டியே ஓடியது. தையில் தலைகாட்டும், மாசியில் ஏறும், பங்குனி சித்திரையில் உச்சத்துக்குப் போகும், ஆடிக்குப் பிறகு தணியும், அடைமழையில் அநேகமாக ஓய்ந்துபோகும். இந்தியா முழுவதற்குமான பெரியம்மை இறப்புக் கணக்கையும் வானிலைப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் சர் லெனார்ட் ராஜர்ஸ். 1926-இல் வெளியான அவருடைய ஆய்வு, காற்றில் ஈரப்பதம் குறைந்த மாதங்களில் நோய் ஏறுவதையும், மழைக்காற்று வந்ததும் இறங்குவதையும், பருவமழை பொய்த்த ஆண்டை அடுத்து நோய் கடுமையாக வருவதையும் எடுத்துக்காட்டியது. வறண்ட காற்றில் அம்மைக் கிருமி அதிக நேரம் உயிரோடிருக்கும் என்பது ஆய்வகத்திலும் உறுதிப்பட்டது.

வானிலையைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். மானாவாரிப் பூமியில் அறுவடை முடிந்து கை ஓய்வது அந்த மாதங்களில்தான். பருத்தி எடுக்க வெளியூரிலிருந்து ஆள் வருவதும், கல்யாணம் காதுகுத்து நடப்பதும், சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் போய்வருவதும், கோயில் திருவிழாவும் எல்லாம் மாசி முதல் வைகாசிக்குள். மழைக்காலத்தில் கரிசல் மண்ணில் வண்டி இறங்காது, ஊருக்கு ஊர் போக்குவரத்து அறுந்துவிடும். கிருமிக்கு அது பட்டினிக் காலம். வெயிலின் சூடு உடம்பில் ஏறி அம்மையாகிறது என்று ஊர் நம்பியது. சூடு நோயை உண்டாக்கவில்லை. ஆனால் சூட்டுக் காலத்தோடு நோயைச் சேர்த்துப் பார்த்த ஊரின் கண் தவறானதல்ல. ராஜர்ஸ் அட்டவணை போட்டுக் கண்டுபிடித்த உச்ச மாதங்களில்தான் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டும் வழக்கம் பல தலைமுறைகளாக இருந்துவந்தது.

அந்த வழக்கத்தின் பெரிய மையம் சமயபுரம். மாசிக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதல் தொடங்கும். அன்றிலிருந்து 28 நாள் அம்மனே பச்சைப் பட்டினி இருப்பதாக ஐதிகம். அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான். சித்திரையில் தேர். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து மஞ்சள் ஆடை கட்டி நடந்தே போகிறவர்கள் இன்றைக்கும் ஏராளம். வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியாள் உள்ளே வரக் கூடாது. வீட்டார் விசேஷங்களுக்குப் போகக் கூடாது. தாளிப்பது, துணி வெளுக்கப் போடுவது, முடி மழிப்பது எல்லாம் நிறுத்தப்படும். பிள்ளையை வேப்பிலை மேல் கிடத்தி, இளநீரும் மோரும் கொடுத்து, முத்து இறங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை ஊற்றுவார்கள். நோய் பரவாமல் தடுக்க இந்தக் கட்டுப்பாடுகள் கொஞ்சமேனும் உதவியிருக்கும். நோயாளியைத் தனிமைப்படுத்து என்று பிற்காலச் சுகாதாரத் துறை சொன்னதன் பெரும்பகுதி இதில் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. எலும்புக்கு மட்டும் இதில் எந்த மருந்தும் இல்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றியதோடு தாய் இறங்கிவிட்டாள் என்று முடிவாகிவிடும். அதற்குப் பின் வந்த முழங்கை வீக்கம் வேறு ஏதோ சுளுக்கு என்றாகி, எண்ணெய் போட்டு நீவப்பட்டது. அம்மைக்கும் முடங்கிய கைக்கும் உள்ள தொடர்பு ஊருக்குப் புலப்படாமல் போனதற்கு இந்த இடைவெளி ஒரு காரணம்.

தடுப்பு மருந்துக்கும் பருவமே எதிரியாக நின்றது. 1796-இல் ஜென்னர் கண்ட பசுவம்மைப் பால் 1802-இல் இந்தியாவுக்கு வந்தது. மும்பையில் முதல் குழந்தைக்குக் குத்திய அதே ஆண்டில் சென்னை மாகாணத்துக்கும் வந்துவிட்டது. ஒரு குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவதுதான் தொடக்ககால முறை. பிறகு கன்றுகளின் தோலில் வளர்த்துப் பால் எடுத்தார்கள். எப்படி எடுத்தாலும் வெயிலில் அது சில நாட்களுக்கு மேல் தாங்காது. ஆகவே அம்மை குத்தும் வேலை முக்கியமாகக் குளிர் மாதங்களின் வேலையாக இருந்தது. நோய் உச்சத்துக்குப் போகும் பங்குனி சித்திரையில், சென்னையிலிருந்து ரயிலிலும் மாட்டு வண்டியிலும் வந்து சேரும் மருந்து வீரியம் இழந்திருக்கும். குத்தியும் கொப்புளம் எழாத பிள்ளைக்கு அதே கோடையில் அம்மை வந்தால், அடுத்த ஆண்டு குத்த வருகிறவரை ஊர் எப்படி வரவேற்றிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அம்மன் கோபிப்பாள் என்ற பயத்தால் மக்கள் ஊசியை மறுத்தார்கள் என்று அதிகாரிகளின் அறிக்கைகள் எளிதாக எழுதிவிட்டுப் போயின. கெட்டுப்போன மருந்தும் அந்த மறுப்பில் பங்காளிதான்.

1899-இல் சென்னை கிண்டியில் தொடங்கப்பட்ட கிங் நிறுவனம், மாகாணம் முழுவதற்கும் அம்மைப் பால் தயாரித்து அனுப்பியது. சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங்கின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. தரம் உயர்ந்தது, வெயில் பிரச்சினை தீரவில்லை. 1950-களில் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் உறைய வைத்து உலர்த்தும் முறை செம்மைப்பட்டு, தூளாக வந்த மருந்து ஒரு மாதம் வெயிலைத் தாங்கியபோதுதான் நிலை மாறியது. இந்தியாவின் தேசிய பெரியம்மை ஒழிப்புத் திட்டம் 1962-இல் தொடங்கியது. கிண்டியிலும் உலர் மருந்து தயாரிக்கப்பட்டது. பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கு முத்து போட்டிருக்கிறது என்று தெரிந்த அன்றே, கொளுத்தும் சித்திரையிலும், போய்க் குத்த முடிந்தது.

அந்தக் கடைசிக் காலத்தின் மருத்துவப் பதிவு தமிழகத்தில் நன்றாகவே இருக்கிறது. சென்னை தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் ஏ. ஆர். ராவ் ஏறத்தாழ 7,000 பெரியம்மை நோயாளிகளைக் கவனித்து, 1972-இல் அந்த அனுபவத்தை நூலாக எழுதினார். உலக அளவில் பெரியம்மை பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கும் நூல் அது. 1960-களின் இறுதிக்குள் தமிழ்நாட்டில் நோய் அநேகமாக அடங்கிவிட்டது. பீகார் 1974 வரை அல்லாடியது. இந்தியாவில் உள்நாட்டுத் தொற்றின் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில். உலகம் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது 1980 மே 8-இல். பெரம்பலூர்ப் பிள்ளைகளின் முழங்கையை முடக்கிய காரணங்களில் ஒன்று அதோடு போயிற்று.

மற்றொன்று போகவில்லை. அது சீழ்க்கிருமியால் வரும் எலும்பழற்சி. 1880-இல் பாஸ்டர், கட்டியில் கண்ட அதே கிருமியை ஒரு சிறுமியின் அழுகிய எலும்பிலும் கண்டு, இது எலும்பில் வந்த கட்டிதான் என்றார். அதையொட்டி ஸ்காட்லாந்தின் ஆக்ஸ்டன் அந்தக் கிருமிக்கு ஸ்டாபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார். தோலில் ஒரு புண், ஒரு சிரங்கு, ஒரு முள் குத்து ஆகியவற்றின் வழியாக அது இரத்தத்தில் கலக்கிறது. வளரும் எலும்பின் முனையில் நுண்குழாய்கள் கொண்டை ஊசிபோல் வளைந்து திரும்புவதால் அங்கே இரத்த ஓட்டம் மந்தம். வாய்க்கால் வளைவில் வண்டல் தங்குவதுபோல் கிருமி தங்கிவிடுகிறது. பல நேரம் அதே காலில் சில நாள் முன்பு ஓர் அடி பட்டிருக்கும். பெரியவர்களை விடப் பிள்ளைகளுக்கு, அதிலும் ஆண் பிள்ளைகளுக்கு, முழங்காலை ஒட்டி இது அதிகம் வருவதற்கு இவையே காரணம். ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இரத்தக் குழாய்கள் வளர்ச்சித் தட்டைக் கடந்து போவதால், சீழ் எளிதில் இடுப்பு மூட்டுக்குள் புகுந்துவிடும்.

எனவே பருவம் தோலை என்ன செய்கிறதோ அதுவே எலும்புக்கு வழி திறக்கிறது. குளத்தில் தண்ணீர் வற்றி, குடிக்கவே கிணற்றில் ஊறவிட்டு இறைக்கும் மாதங்களில் பிள்ளைகளின் குளியல் குறையும். வேர்க்குரு வரும், சொறிந்த இடம் புண்ணாகும். பிறகு வேனற்கட்டி. மாம்பழம் தின்ற சூடு என்று பழி பழத்தின் மேல் போகும். ஐப்பசி பிறந்தால் வேறு கதை. சேற்றுப்புண், வரப்பில் கல் குத்து, வெள்ளம் ஒதுக்கிய முள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சீமைக்கருவேல் ஏரிக்கரைகளைப் பிடித்த பிறகு முள்ளுக்குப் பஞ்சமே இல்லை. செருப்பு இல்லாத காலில் அது ஒடிந்து உள்ளேயே நிற்கும். மார்கழி, தையில் குளிருக்குப் பிள்ளைகள் ஒரே போர்வையில் நெருங்கிப் படுப்பதால் சிரங்கு பரவும். விரலிடுக்கில் தொடங்கிய சொறி சீழ்க்கொப்புளமாகிக் கக்கத்திலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும். ஆக, அம்மைக்கு இருந்ததுபோல் சீழ்க்கிருமிக்கு ஒரே உச்சமாதம் கிடையாது. ஒவ்வொரு பருவமும் தனித்தனி வாசலைத் திறந்துவிட்டது.

அந்தக் காலத்தில் வைத்தியம் என்பது மேலே போடும் மருந்துதான். கட்டி பழுக்கப் பத்துப் போடுவார்கள். எருக்கம்பால், சுண்ணாம்பு, வேப்பிலை, மஞ்சள். ஆறாத புண்ணுக்குச் சித்த மருத்துவத்தில் மத்தன் தைலம் உண்டு, தோல்புண்ணுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் எலும்புக்குள் அடைபட்ட சீழை எந்தப் பூச்சும் எட்டாது. சீழ் தானே வழி கண்டு தோலை உடைத்து வெளியே வந்தால் காய்ச்சல் விடும், உயிர் தப்பும். உள்ளே செத்த எலும்புத் துண்டு இருக்கும்வரை புண் புரையோடி, மூடுவதும் உடைவதுமாக வருஷக்கணக்கில் ஒழுகும். ஒரு நாள் அந்தத் துண்டே புண் வழியாக வெளியே வரும். சுளுக்கு என்று நினைத்து நீவப்பட்ட கால்களில் சீழ் இன்னும் பரவியது. காய்ச்சலுக்குச் சூடு போட்ட குழந்தைகளுக்கு அந்தத் தீப்புண்ணே கிருமிக்கு இன்னொரு வாசலாயிற்று. இது பழிக்கத்தக்க அறியாமை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. அந்த நாளில் லண்டன் மருத்துவமனையிலும் எலும்பைத் துளைத்துச் சீழை வடிப்பதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1874-இல் தாமஸ் ஸ்மித் அங்கே விவரித்த, மூட்டில் சீழ் கட்டிய கைக்குழந்தைகளில் பாதிக்கு மேல் இறந்துபோனார்கள்.

வெட்டிச் சீழ் எடுக்கும் மருத்துவமனை என்றால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போக வேண்டும். விழுப்புரம்–திருச்சி குறுக்கு ரயில்பாதை 1920-களின் கடைசியில் வந்த பிறகு அரியலூருக்கு அந்த வழி எளிதாயிற்று. பெரம்பலூருக்கு ரயில் வரவே இல்லை. மழைக்காலத்தில் ரயிலும் நம்பத்தக்கதாக இல்லை. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் மருதையாறு 1956 நவம்பர் 23 அதிகாலையில் பாலத்தை அரித்துத் தூத்துக்குடி விரைவு ரயிலைக் கவிழ்த்தது. நூற்றைம்பது பேர் அளவில் இறந்த அந்த விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். காய்ச்சல் கண்ட பிள்ளையை அப்படிப்பட்ட வாரத்தில் ஜெயங்கொண்டத்திலிருந்தோ குன்னத்திலிருந்தோ நகரத்துக்குத் தூக்கிப் போவது எளிதல்ல. எலும்புச் சீழில் இரண்டு நாள் தாமதம் ஒரு காலின் விலை.

பெனிசிலின் இந்தக் கணக்கை மாற்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது பொதுமக்களுக்குக் கிடைக்கத் தொடங்கியது. 1954-இல் புனே அருகே பிம்பிரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டதும் இந்தியாவிலேயே தயாரானது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1950-களின் இறுதியில் வந்தது. திருச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி 1990-களின் இறுதியில். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரி 12-இல். இடைப்பட்ட பதிற்றாண்டுகளில் இந்த ஊர்களில் கால் விந்தி நடந்த பிள்ளைகள் எல்லாரையும் போலியோ என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவது வழக்கமாக இருந்தது. அவர்களில் சிலருடைய இடுப்பு மூட்டைக் கைக்குழந்தைப் பருவத்தில் சீழ்தான் தின்றிருக்கும். போலியோவிலும் காய்ச்சலோடுதான் கால் ஓய்ந்தது. எக்ஸ்ரே இல்லாமல் ஒன்றையொன்று பிரித்தறிய ஊருக்கு வழியில்லை.

மழையோடு வரும் இன்னொரு எலும்புத் தொற்று அண்மைக் காலத்தில்தான் தமிழ்நாட்டில் அடையாளம் காணப்பட்டது. 1911-இல் ரங்கூனில் விட்மோர் முதலில் கண்ட மெலியாய்டோசிஸ். இதன் கிருமி சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. அடைமழைக்குப் பிறகு நோயாளிகள் கூடுகிறார்கள். எலும்பிலும் மூட்டிலும் சீழ் கட்டுவது அதன் ஒரு முகம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தமிழகத்து நோயாளிகள் பலரைப் பதிவு செய்திருக்கிறது. காசநோய் என்று தவறாக எண்ணிப் பல மாதம் மருந்து கொடுக்கப்பட்டவர்களும் உண்டு. பெரும்பாலும் நீரிழிவு உள்ள பெரியவர்களைத் தாக்கும் இது குழந்தைகளுக்கும் வரும். வழக்கமான சீழ் மருந்துகள் பலவும் இதற்கு எடுபடாது என்பதால், சேற்றில் புரண்ட பருவத்துக்குப் பின் வரும் பிள்ளையின் சீழை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது முக்கியம்.

குழாய்த் தண்ணீர், செருப்பு, சிரங்கு மருந்து, கான்கிரீட் பாலம் ஆகியவை பருவத்தின் பிடியை இந்த வட்டாரத்தில் வெகுவாகத் தளர்த்திவிட்டன. ஆனாலும் வேனற்கட்டியும் முள்குத்தும் நின்றுவிடவில்லை. பெனிசிலினுக்கு மசியாத சீழ்க்கிருமிகள் பெருகியிருக்கின்றன. காய்ச்சலோடு ஒரு கையையோ காலையோ அசைக்க மறுக்கும், தொட்டால் அழும் குழந்தையைச் சுளுக்கு எடுக்கக் கொண்டுபோகக் கூடாது, எண்ணெய் போட்டு நீவவும் கூடாது. எந்த மாதமானாலும் அன்றைக்கே மருத்துவமனையில் காட்ட வேண்டும். கைக்குழந்தையின் இடுப்பில் சேர்ந்த சீழைச் சில மணி நேரத்துக்குள் வடித்தால்தான் மூட்டு தப்பும்.